இறக்கத்தில் கற்ற பாடம்: பழைய அம்பாஸிடரும் டிரம் பிரேக்கும்

சென்ற பொங்கல் விழாவில் பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, காலஞ்சென்ற நண்பர் ஒருவரின் மகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மாமா, அப்பாவோட அம்பாஸிடரை விற்க அம்மாவுக்கு மனசே வரலை. எனக்கும்தான். ஆனா பிரேக் சரியில்லை. டிரம்மைத் தூக்கிப் போட்டுட்டு டிஸ்க் பிரேக் மாத்திடலாமா? இல்லே, பூஸ்டர் மட்டும் போட்டா போதுமா?" என்று கேட்டான்.

நான் பதில் சொல்லாமல் ஒரு கேள்வி கேட்டேன். "தம்பி, டிரம்மைக் கழற்றி உள்ளே பார்த்தாயா?"

இல்லை என்று தலையசைத்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. 2008-ஆம் ஆண்டு டிசம்பர் வரை நானும் பார்க்காதவன்தான். நம் சங்கக் குடும்பங்களில் இன்னும் சில வீடுகளில் அம்பாஸிடரோ பத்மினியோ ஷெட்டில் நிற்கிறது. அவர்களுக்கெல்லாம் பயன்படட்டும் என்று அவனிடம் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

அன்று நடந்தது

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து 1982-ல் ரயில்வேயில் சேர்ந்தவன் நான். ஆத்ரா, முரி, பொகாரோ என்று தென்கிழக்கு ரயில்வேயில் பல ஊர்களில் கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில் வேலை பார்த்து 2020-ல் ஓய்வு பெற்றேன். சரக்கு ரயில் ஒன்று யார்டை விட்டுக் கிளம்புமுன் 'பிரேக் பவர் சர்டிஃபிகேட்' என்று ஒரு தாள் டிரைவர் கைக்குப் போக வேண்டும். அந்த வண்டியில் எத்தனை பிரேக் சிலிண்டர் வேலை செய்கிறது என்று பரிசோதித்துக் கையெழுத்துப் போடுவது எங்கள் பிரிவின் பொறுப்பு. எத்தனை ஆயிரம் வேகன்களுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பேனோ, கணக்கில்லை.

என் சொந்தக் கார் 1986 மாடல் அம்பாஸிடர் மார்க் 4. 1999-ல் மாற்றலாகிப் போன சக ஊழியர் ஒருவரிடம் வாங்கியது. நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். பூஸ்டர் கிடையாது. ஒன்பது வருஷமாக அதன் பிரேக்குக்கு நான் செய்த வைத்தியம், பெடல் கீழே போனால் பிரேக் ஆயில் ஊற்றுவது, அவ்வளவுதான்.

ஊரிலிருந்து மாமியார் வந்திருந்தார். ராஜரப்பா சின்னமஸ்தா அம்மன் கோயிலைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். தாமோதரும் பைரவியும் கூடும் இடத்தில் உள்ள கோயில். ராஞ்சியிலிருந்து ராம்கட் வழியாகப் போக வேண்டும். வழியில் சுட்டுபாலு காட் என்னும் இறக்கம். ராஞ்சி பீடபூமியிலிருந்து ராம்கட் சமவெளிக்குச் சாலை சுமார் 300 மீட்டர் கீழே இறங்குகிறது. அப்போது அங்கே நாலு வழிச் சாலை வரவில்லை. நிலக்கரி லாரிகள் முன்னும் பின்னுமாக ஊர்ந்துகொண்டிருக்கும்.

வண்டியில் நான், மனைவி, மாமியார், இரண்டு பிள்ளைகள். டிக்கியில் சாப்பாட்டு மூட்டை. இறக்கம் தொடங்கியதும் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற பழக்கத்தில் கியரை நியூட்ரலில் தள்ளினேன். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினேன். முதல் சில வளைவுகள் வரை ஒன்றும் தெரியவில்லை.

"என்னங்க, ஏதோ கருகுற வாசனை வருதே" என்றாள் மனைவி. முன்னால் போகிற லாரியாக இருக்கும் என்றேன். அடுத்த வளைவில் பெடலை வழக்கத்தைவிட அழுத்தி மிதிக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த வளைவில் மிதித்தபோது பெடல் பஞ்சு மாதிரி அமுங்கித் தரையைத் தொட்டது. முன்னால் நிலக்கரி லாரி.

"மாப்பிள்ளை, கொஞ்சம் நிறுத்துங்களேன்" என்றார் மாமியார். நிறுத்த முடியாது என்பது அவருக்குத் தெரியாது.

பெடலை மூன்று நான்கு முறை அடித்தடித்து மிதித்ததில் ஓரளவு பிடி கிடைத்தது. ஆக்ஸிலேட்டரை உதைத்து இன்ஜினைச் சுழலவிட்டு மூன்றாவது கியரைப் போட்டேன், பிறகு இரண்டாவது. இன்ஜின் அலறியது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். இடப்பக்கம் மலையை ஒட்டிக் கிடந்த மண் மேட்டில் சக்கரத்தை ஏற்றினேன். வண்டி நின்றது. லாரிக்கும் எங்களுக்கும் இடையே ஒரு மாட்டு வண்டி நிற்கிற இடம் இருந்திருக்கும்.

சக்கரங்களிலிருந்து புகை. பின்னால் வந்து நின்ற லாரியின் கிளீனர் நல்லெண்ணத்தில் ஒரு வாளித் தண்ணீருடன் ஓடி வந்தான். அவனைத் தடுத்தேன். கொதிக்கிற வார்ப்பிரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடும். ரயில் சக்கரத்தில் சூட்டு விரிசல்களை எத்தனையோ பார்த்தவனாயிற்றே!

முக்கால் மணி நேரம் கழித்துப் பெடலை மிதித்துப் பார்த்தேன். ஒன்றுமே நடக்காதது போல உயரே நின்று பிடித்தது. வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சூட்டினால் தோற்ற பிரேக் ஆறியதும் நல்லபிள்ளை போல ஆகிவிடும். "ஏதோ ஒரு தடவை அப்படி ஆச்சு" என்று நம்மை நம்ப வைத்துவிடும். அடுத்த இறக்கத்தில் மறுபடி அதே கதைதான்.

மறுநாள் டிரம்முக்குள் கண்டது

மறுநாள் தெரிந்த மிஸ்திரி ஒருவரை வரவழைத்து, நானும் கூட உட்கார்ந்து நாலு டிரம்மையும் கழற்றினேன். கண்ட விவரம் இது:

முன் சக்கர லைனிங்குகள் டிரம்மின் மேல் முழுதாகப் படவே இல்லை. நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் பளபளவென்று கண்ணாடி போலத் தேய்ந்திருந்தது. மற்ற இடம் புதுசு மாதிரி சொரசொரப்பாக இருந்தது. பின் இடது சக்கரத்தில் ஆக்ஸில் ஆயில் சீல் கசிந்து லைனிங் எண்ணெயில் ஊறியிருந்தது. அட்ஜஸ்டர்கள் துருப்பிடித்து அசைய மறுத்தன. மாஸ்டர் சிலிண்டரில் இருந்த பிரேக் ஆயில் டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது.

அதாவது, நாலு பிரேக் உள்ள வண்டி என்று நான் நம்பியிருந்தது உண்மையில் ஒன்றரை பிரேக் உள்ள வண்டி. இந்த நிலையில் ஒரு வேகன் என் யார்டுக்கு வந்திருந்தால் அன்றே சிக் லைனுக்கு அனுப்பியிருப்பேன். என் குடும்பம் ஏறிய வண்டிக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சர்டிஃபிகேட் கொடுத்திருக்கிறேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிரேக் ஒரு சூடாக்கும் இயந்திரம்

பிரேக் வண்டியை நிறுத்துகிறது என்று சொல்கிறோம். உண்மையில் அது வண்டியின் ஓட்டத்தைச் சூடாக மாற்றுகிறது. எவ்வளவு சூடு என்று கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும்.

ஆட்களும் சாமானும் சேர்ந்து வண்டி 1,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் சுமார் 2 லட்சம் ஜூல். 80 கி.மீ. வேகத்தில் சுமார் 3.7 லட்சம் ஜூல். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் சூடு முக்கால் பங்குக்கு மேல் கூடுகிறது.

இப்போது 300 மீட்டர் இறக்கத்தைப் பாருங்கள். அதே 1,500 கிலோ வண்டி 300 மீட்டர் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் சுமார் 44 லட்சம் ஜூல். 60 கி.மீ. வேகத்திலிருந்து 21 முறை நிறுத்துவதற்குச் சமம், அதுவும் நடுவே ஆறுவதற்கு நேரம் கொடுக்காமல். ஒரு கிலோ வார்ப்பிரும்பு 1 டிகிரி சூடேறச் சுமார் 500 ஜூல் வேண்டும். நாலு டிரம்மும் சேர்ந்து 25 கிலோ என்று கொண்டால், அத்தனை ஆற்றலும் டிரம்முக்கே போனால் 350 டிகிரி ஏறும். காற்று கொஞ்சம் கொண்டுபோகும், டயர் உராய்வு கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். கியரில் இருந்தால் இன்ஜின் பெரும்பங்கைத் தாங்கும். நியூட்ரலில் இறங்கிய நான் அந்தப் பெரிய துணையை நானே கழற்றிவிட்டேன்.

சூடு ஏறினால் டிரம் பிரேக்கில் மூன்று காரியம் நடக்கும்.

ஒன்று, டிரம் விரியும். 9 அங்குல டிரம் 200 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அதன் விட்டம் சுமார் அரை மில்லிமீட்டர் பெருக்கும். ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடி, பெடல் இன்னும் கீழே போகும். டிஸ்க் பிரேக்கில் தட்டு சூட்டில் தடித்து பேடை நோக்கி வரும். டிரம்மோ ஷூவை விட்டு விலகிப்போகும். டிரம்முக்கு இது பிறவிக் குறை.

இரண்டு, லைனிங்கின் பிடிப்பு குறையும். ஓரளவு சூட்டைத் தாண்டியதும் லைனிங்கில் உள்ள பசை ஆவியாகி வழுக்கத் தொடங்கும். எவ்வளவு மிதித்தாலும் பெடல் கல் மாதிரி இருக்கும், வண்டி நிற்காது. கருகல் வாசனை இதன் முன்னறிவிப்பு.

மூன்று, பிரேக் ஆயில் கொதிக்கும். வீல் சிலிண்டர் டிரம்முக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. நாம் வழக்கமாக ஊற்றும் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய நிலையில் இந்த அளவு 140 டிகிரிதான். டாட் 4-க்கு இவை 230-ம் 155-ம். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் பஞ்சாவது இதனால்தான். அன்று எனக்கு மூன்றும் சேர்ந்து நடந்தன.

ஆப்பு போல இறுகும் ஷூ

டிரம்மின் குறையைச் சொன்ன பிறகு அதன் சாமர்த்தியத்தையும் சொல்லத்தான் வேண்டும். கதவு அசையாமலிருக்க அடியில் மர ஆப்பு வைப்போமல்லவா? கதவை ஒரு பக்கம் தள்ளினால் ஆப்பு இன்னும் இறுகும். மறுபக்கம் இழுத்தால் தளர்ந்துவிடும். டிரம் சுழலும் திசை ஷூவைத் தன்னோடு இழுத்து இறுக்கிக்கொள்ளும்படி அமைந்தால் அதை லீடிங் ஷூ என்பார்கள். தளர்த்தும்படி அமைந்தால் டிரெய்லிங் ஷூ.

அம்பாஸிடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை ஒட்டி மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் செய்யப்பட்ட வண்டி. அதன் முன் சக்கர டிரம்மில் இரண்டு ஷூவும் லீடிங். ஒவ்வொன்றுக்கும் தனி வீல் சிலிண்டர். பின் சக்கரத்தில் ஒன்று லீடிங், ஒன்று டிரெய்லிங். ஆகவே பூஸ்டர் இல்லாமலேயே முன் பிரேக் கால் பலத்தைப் பெருக்கிக் கொடுக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். 2014 மே மாதம் உற்பத்தி நிற்கும் வரை அத்தனை வருஷம் குடும்பங்களும் டாக்ஸிக்காரர்களும் நம்பி ஓட்டிய வண்டி அது.

ஆனால் இந்த ஆப்பு வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. லைனிங் டிரம்மோடு முழுப் பரப்பிலும் ஒட்ட வேண்டும். என் வண்டியில் இரண்டு விரல் அகலம்தான் ஒட்டியது. அந்தச் சின்ன இடம்தான் அத்தனை சூட்டையும் வாங்கிக் கருகியது. பழைய காரின் பிரேக்கைச் சிறப்பாக்க முதல் வழி, அது புதிதில் எப்படி இருந்ததோ அந்த நிலைக்குக் கொண்டுவருவதே. வேறு சாமான் பொருத்துவதெல்லாம் அதற்குப் பிறகு.

செய்ய வேண்டிய வேலைகள், வரிசைப்படி

1. திறக்கும்போதே எச்சரிக்கை. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். உள்ளே உள்ள தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியை ஒரு பையில் கட்டி எறியுங்கள். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தாமல் ஸ்டாண்டு கொடுங்கள்.

2. கசிவை முதலில் நிறுத்துங்கள். பின் ஆக்ஸில் ஆயில் சீல், முன் ஹப்பில் அளவுக்கு மேல் அடைத்த கிரீஸ், வீல் சிலிண்டர் ரப்பர் மூன்றையும் பாருங்கள். எண்ணெயில் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிப் பயன்படுத்துவது வீண் வேலை. சூடேறியதும் உள்ளே இருக்கும் எண்ணெய் மேலே வரும். மாற்றிவிடுங்கள். ஒரு பக்கம் கெட்டாலும் அந்த ஆக்ஸிலின் இரு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

3. டிரம்மை லேத்தில் கடையுங்கள். உருண்டை கெட்டு முட்டை வடிவமான டிரம் பெடலில் துடிப்பைக் கொடுக்கும். பள்ளக்கோடு விழுந்ததும் உதவாது. ஆனால் கடைவதற்கு எல்லை உண்டு. டிரம்மில் அதிகபட்ச விட்டம் பொறித்திருந்தால் அதுவே விதி. பொறிக்காவிட்டால் விட்டத்தில் மொத்தம் 1.5 மி.மீ.க்கு மேல் எடுக்காதீர்கள். மெலிந்த டிரம் சூட்டைத் தாங்காது, மிதித்தால் விரிந்தும் கொடுக்கும். இடமும் வலமும் ஒரே விட்டமாக இருக்கட்டும்.

4. ஷூவை டிரம்முக்குப் பொருத்துங்கள். பெரும்பாலான பட்டறைகளில் விட்டுவிடும் வேலை இது. ஆனால் பலன் அதிகம். டிரம்மைக் கடைந்ததும் அதன் வளைவு மாறிவிடுகிறது. புதிய லைனிங் பழைய வளைவில் இருக்கும். அதனால் நடுவில் மட்டும் படும். சோதிக்க ஒரு சாக்பீஸ் போதும். டிரம்மின் உட்புறம் முழுவதும் சாக்பீஸ் தேய்த்து, ஷூவைக் கையால் வைத்து லேசாக அசையுங்கள். லைனிங்கில் வெள்ளை எங்கே ஒட்டுகிறதோ அங்கேதான் படுகிறது. அந்த இடத்தை அரத்தால் சீவி மறுபடி சோதியுங்கள். முக்கால் பரப்புக்கு மேல் வெள்ளை ஒட்டும் வரை விடாதீர்கள். இரு முனைகள் மட்டும் பட்டாலும் தப்பு. பிரேக் திடீரென்று கவ்வும். வேலை முடிந்ததும் லைனிங்கின் ஓரங்களைச் சற்றுச் சாய்வாகச் சீவிவிட்டால் கீச்சென்ற சத்தம் குறையும்.

5. பின் தட்டையும் ஸ்பிரிங்குகளையும் கவனியுங்கள். ஷூ உட்காரும் மேடைகளில் பள்ளம் விழுந்திருந்தால் ஷூ சிக்கும். சுத்தம் செய்து, சூடு தாங்கும் கிரீஸை நகத்தில் எடுக்கிற அளவு மட்டும் தடவுங்கள். தொய்ந்த ஸ்பிரிங்கை மாற்றுங்கள். இழுத்துக்கொள்ளாத ஷூ ஓடும்போதே உரசிச் சூடேற்றும்.

6. ரப்பர் சாமான்கள். வீல் சிலிண்டர் உள்ளே துருப்புள்ளி இருந்தால் வெறும் கிட் மாற்றிப் பயனில்லை, சிலிண்டரையே மாற்றுங்கள். ரப்பரை பிரேக் ஆயிலில் மட்டும் கழுவுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல், இன்ஜின் ஆயில் எது பட்டாலும் ரப்பர் உப்பிவிடும். ஹோஸ் பைப்பையும் மறக்க வேண்டாம். வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே உப்பி அடைத்திருக்கும். மிதிக்கும்போது ஆயில் போகும், விடும்போது திரும்பி வராது. அந்தச் சக்கரம் பிரேக் பிடித்தபடியே ஓடும்.

7. பிரேக் ஆயிலை முழுதாக மாற்றுங்கள். மேலே ஊற்றுவது வேறு, மாற்றுவது வேறு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றினால் உத்தமம். சீல் உடைத்த டப்பாவை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்காதீர்கள், ஈரம் ஏறிவிடும். ரப்பர் சாமான்கள் புதியவையாக இருந்தால் டாட் 4 ஊற்றலாம். மாஸ்டர் சிலிண்டருக்கு அதிக தூரத்திலுள்ள சக்கரத்தில் தொடங்கி, கிட்ட உள்ள சக்கரத்தில் முடித்து ஏர் எடுங்கள். ஆயில் பெயின்டில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பெயின்டைத் தின்றுவிடும்.

8. கடைசியாக அட்ஜஸ்ட்மென்ட். வேகனில் பிரேக் பிளாக் தேயத் தேய இடைவெளியைத் தானே சரிசெய்ய ஸ்லாக் அட்ஜஸ்டர் உண்டு. பழைய அம்பாஸிடரில் அந்த வேலை நம் கையில். அட்ஜஸ்டரைத் திருகிச் சக்கரம் பூட்டிக்கொள்ளும் வரை இறுக்கி, பிறகு சக்கரம் தாராளமாகச் சுழலும் வரை ஒவ்வொரு கிளிக்காகத் தளர்த்துங்கள். முன்சக்கரத்தில் இரண்டு ஷூவுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகே ஹேண்ட் பிரேக் கேபிளைத் தொடுங்கள். கேபிளை இறுக்கிப் பிரேக்கைச் சரிசெய்வது நோயை மறைப்பதுதான்.

புதிய லைனிங் உடனே முழுப் பிடி பிடிக்காது. காலியான சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 20 வரை நிதானமாகக் குறைத்து, ஆறவிட்டு, பத்துப் பன்னிரண்டு முறை செய்து பழக்குங்கள். முதல் சில நூறு கி.மீ. கழித்து மறுபடி ஒருமுறை அட்ஜஸ்ட் செய்யுங்கள்.

நான் வேலைக்கு முன்னும் பின்னும் ஆளில்லாத ஒரு சாலையில் சாக்பீஸ் கோடு போட்டு அளந்தேன். 40 கி.மீ. வேகத்தில் கோட்டைத் தொட்டதும் மிதித்தால், முன்பு 17 மீட்டர் தள்ளி நின்ற வண்டி, பின்பு 11 மீட்டரில் நின்றது. புதிதாக எதையும் சேர்க்கவில்லை. இருந்ததைச் சரியாக வைத்ததற்கே 6 மீட்டர் கிடைத்தது. ஒரு குழந்தை சாலையின் குறுக்கே ஓடினால் இந்த 6 மீட்டருக்கு என்ன விலை?

பூஸ்டரும் டிஸ்க்கும்

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன்.

வேக்கம் பூஸ்டர் இன்ஜினின் உறிஞ்சு சக்தியை வைத்து நம் காலுக்கு உதவி செய்கிறது. வயதானவர்கள் ஓட்டுவதற்கு நல்லது. 2010-ல் நானும் போட்டேன். மிதிப்பது லேசாயிற்று. ஆனால் டிரம்முக்குள் போகும் சூடு ஒரு ஜூல்கூடக் குறையவில்லை, குறையவும் குறையாது. கெட்ட பிரேக்குக்குப் பூஸ்டர் போட்டால், கெட்டது தெரியாமல் சீக்கிரம் சூடேறும். இன்னொன்று, இன்ஜின் அணைந்தால் மிச்சமிருக்கும் வேக்கம் ஓரிரு மிதியில் தீர்ந்துவிடும். இறக்கத்தில் இன்ஜினை அணைத்து உருட்டுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். டீசல் வண்டியானால் வேக்கத்துக்குத் தனிப் பம்ப் வேண்டும்.

ஒரே சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர் உள்ள பழைய வண்டிக்கு, பூஸ்டரைவிட நான் முதலில் சிபாரிசு செய்வது டாண்டம் மாஸ்டர் சிலிண்டர். ஒரு குழாய் வெடித்தாலும் மற்ற இரண்டு சக்கரத்துக்குப் பிரேக் இருக்கும்.

டிஸ்க் பிரேக் சூட்டை நன்றாக வெளியேற்றும் என்பதில் சந்தேகமில்லை. பின்னாளில் வந்த சில அம்பாஸிடர் மாடல்களிலேயே முன்சக்கரத்துக்கு டிஸ்க் வந்தது. அடிக்கடி மலைப்பாதையில் போகிறவர்கள் மாற்றலாம். ஆனால் அரைகுறையாகச் செய்யக்கூடாது. டிஸ்க்கில் தானே இறுகும் ஆப்பு வேலை கிடையாது, ஆகவே பூஸ்டர் அவசியம். டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் குழாயில் சிறிது அழுத்தத்தை நிறுத்திவைக்கும் ஒரு வால்வு இருக்கும். அதை அப்படியே டிஸ்க்குக்குக் கொடுத்தால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். முன் பிரேக்கும் பின் பிரேக்கும் பிடிக்கும் விகிதம் தவறினால் மழையில் பின்பக்கம் சுழலும். எனவே அந்த மாடலின் முழு அமைப்பையும் ஒரே தொகுதியாகப் பொருத்த வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளவும் வேண்டும். இவ்வளவும் செய்ய முடியாதவர்களுக்குச் சரியாகப் பராமரித்த டிரம்மே மேல்.

ஓட்டுகிறவர் கையில் உள்ளது

எந்த கியரில் ஒரு மேட்டை ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இறக்கம் தொடங்கும் முன்பே கியரை மாற்றிவிடுங்கள், நடுவில் தேடாதீர்கள். காலைப் பிரேக்கிலேயே வைத்துத் தேய்க்காமல், தேவையான இடத்தில் அழுத்தி வேகத்தைக் குறைத்து, பிறகு காலை எடுத்து ஆறவிடுங்கள். நியூட்ரலில் மிச்சமாகும் பெட்ரோல் ஒரு டீ செலவுக்குக்கூட வராது.

தண்ணீர் தேங்கிய சாலையைக் கடந்தால் டிரம்முக்குள் தண்ணீர் புகுந்திருக்கும். கொஞ்ச தூரம் லேசாக மிதித்தபடி ஓட்டி உலர்த்துங்கள். ஏற்றத்தில் நின்று பின்னால் உருளும்போது முன்சக்கர ஷூக்கள் இரண்டும் டிரெய்லிங் ஆகிவிடும்; பிடி வெகுவாகக் குறையும். அப்போது ஹேண்ட் பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். வழவழவென்று தேய்ந்த டயரோடு எந்தப் பிரேக்கும் உதவாது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பொங்கலுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பி வீட்டுக்குப் போனேன். இருவருமாக அவன் அப்பாவின் வண்டியில் முன் இடது டிரம்மைக் கழற்றினோம். சாக்பீஸை அவன் கையில் கொடுத்துத் தேய்க்கச் சொன்னேன். ஷூவை வைத்து எடுத்துப் பார்த்தான். லைனிங்கின் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளைக் கோடு. எனக்கு சுட்டுபாலு வளைவு கண் முன் வந்தது.

அவன் அம்மா காபி கொண்டுவந்தார்கள். "சரி பண்ண முடியுமா அண்ணா? அவர் இந்த வண்டியை அவ்வளவு ஜாக்கிரதையா ஓட்டுவாரே" என்று கேட்டார்கள். முடியும் அம்மா, நாலு ஞாயிற்றுக்கிழமை வேண்டும் என்றேன்.

மூன்று முடிந்திருக்கிறது. நாலாவது ஞாயிறு ஏர் எடுத்து, அட்ஜஸ்ட் செய்து, சாலையில் சாக்பீஸ் கோடு போட்டு அளக்கப் போகிறோம். அளவு திருப்தியாக இருந்தால் சர்டிஃபிகேட்டில் கையெழுத்துப் போடுவேன். இந்த முறை உள்ளே பார்த்துவிட்டுத்தான்.